அருள் ஜெராக்ஸ், கல்லூரி வாசல்

“அக்கா, இந்தத் தாள் உங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?”

யுவஸ்ரீ இப்படிக் கேட்டபோது அருள்மேரி அக்கா ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“எந்தத் தாளு?”

“பொருளாதாரத் தடை.”

“‘தடை’ன்னு எழுதின டப்பாவுல இருந்துதான். உன்கூட நிக்கற சுப்ரியாதானே எடுத்துக்கினு போச்சு. என்னா, கப்பு வந்துச்சா?”

“கப்பு வரல. காயிதம் வந்திருக்குது.”

அக்கா துணியைக் கீழே வைத்தார். யுவஸ்ரீ அழாமல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். அதனால் வேகமாகச் சொன்னாள்.

“சனிக்கிழமை கிருஷ்ணகிரியில மாவட்டப் போட்டி அக்கா. தடை போட்டா போர் நிக்கும்னு நாங்க பேசணும். ‘இதுவரைக்கும் போட்ட தடைகள்ல நூத்துக்கு அறுபத்தெட்டு ஜெயிச்சிருக்குது’ன்னு சொன்னேன். கை தட்டினாங்க.”

“தட்டினாங்கல்ல? அப்பறம் என்னா?”

“மறுப்புச் சுத்துல எதிர் டீம் பையன் எழுந்தான். ‘அறுபத்தெட்டு எந்த அறிக்கையில இருக்குது? யாரு போட்டது? எந்த வருஷம்?’னு கேட்டான். நான் தாளைப் பாத்தேன். அதுல என்னா இருந்துச்சோ அப்படியே படிச்சிட்டேன்.”

“என்னா இருந்துச்சு?”

“அருள் ஜெராக்ஸ், கல்லூரி வாசல், ஓசூர்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யுவஸ்ரீயின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்தார்.

“ஹால் முழுக்க இப்படித்தான் சிரிச்சாங்க,” என்றாள் அவள். “ஒரு நடுவர், ‘அருள் ஜெராக்ஸ் எப்போ ஐ.நா.வுல சேந்துச்சு?’ன்னு கேட்டாரு. அதுகூடப் போகட்டும். இன்னிக்குக் காலையில காலேஜுக்கு மெயில் வந்திருக்குது. நான் எண்களையும் மேற்கோள்களையும் இட்டுக்கட்டிப் பேசினேனாம். வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதித் தரணும். சரியா இல்லன்னா நடத்தைச் சான்றிதழ்ல எழுதிருவாங்களாம்.”

“என்னான்னு?”

“பொய்ச் சான்று கொடுத்தவள்னு. அதைத் தூக்கிக்கினு நான் எந்த லா காலேஜுக்குப் போறது?”

அக்கா அவள் கையிலிருந்த தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு, “வானத்துல இருந்து விழல பாப்பா,” என்றார். “எங்கருந்தோதான் வந்திருக்குது. நான் தேடித் தரேன், போ.”

யுவஸ்ரீக்குப் பின்னால் நின்றிருந்த நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தவள் நான். எங்கள் விவாதக் குழுவில் மேடை ஏறுகிறவள் யுவஸ்ரீ. ஆதாரம் தேடிக் கொடுப்பவள் நான். ஐந்தாம் வகுப்பு வரை கன்னடத்திலும் அதன் பிறகு தமிழிலும் படித்ததால், இரண்டு மொழிப் பத்திரிகைகளையும் என்னால் படிக்க முடியும். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசத்தான் வராது.

அருள்மேரி அக்காவின் கடை கல்லூரி வாசலுக்கு உள்ளே, காவலாளி அறையை ஒட்டினாற்போல இருந்த ஒரு சின்ன அறை. கல்லூரி கொடுத்த அறை. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வரிடம் கையெழுத்து வாங்கினால் இன்னொரு வருடம் இருக்கலாம். ஒரு மிஷின், ஒரு கணினி, ஸ்பைரல் பைண்டிங் போடும் கருவி, ஒரு மேசை விசிறி. சுவரோடு சுவராக அட்டைப் பெட்டிகள். ‘தண்ணீர்’, ‘அகதிகள்’, ‘அணு’, ‘எண்ணெய்’, ‘ஐ.நா.’, ‘தடை’ என்று ஒவ்வொன்றின் மேலும் பட்டை பேனாவால் எழுதியிருப்பார்.

சிங்காரப்பேட்டையில் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓசூர் வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்தார். நிறம் நிறமாக ஒயர்கள் வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர். பெட்டிகளுக்குப் பெயர் எழுதும் பழக்கம் அங்கே வந்ததுதான். கணவர் சகாயநாதன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய ஷிப்டும் அக்காவின் ஷிப்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே போய்க்கொண்டிருந்ததால், இரண்டாவது பிள்ளை பிறந்தபின் அக்கா வேலையை விட்டார். ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு வருடம் நின்று தொழில் பழகி, பழைய மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லோரும் தாளை வைப்பார்கள், பொத்தானை அழுத்துவார்கள், எடுத்துக் கொடுப்பார்கள். அக்கா வைக்கும்போதே படிப்பார். வரிசையில் பத்துப் பேர் நின்றாலும், “இரு, இந்த ஒரு பத்தி,” என்பார். பொலிட்டிகல் சயின்ஸ் மாணவர்களுக்குத் தெரியாத நதிகளின் பெயர்கள் அவருக்குத் தெரியும். எந்த நாடு யாருடைய எல்லையில் இருக்கிறது, எந்தக் கால்வாய் அடைபட்டால் எங்கே டீசல் விலை ஏறும் என்றெல்லாம் சொல்வார். ஒரு முறை கோவிலில் ஞாயிறு பூசைக்கு விசுவாசிகள் மன்றாட்டு எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. உலக அமைதிக்கான மன்றாட்டில் போர் நடக்கும் பதினான்கு நாடுகளின் பெயர்களையும் எழுதி வாசித்துவிட்டார்.

பூசை முடிந்து பங்குச் சாமியார் கூப்பிட்டு, “அருள்மேரி, ‘போர் நடக்கும் நாடுகள்’னு சொன்னாலே ஆண்டவருக்குத் தெரியும்மா,” என்றாராம்.

“தெரியும் சாமி. இருந்தாலும் பேர் சொல்லிக் கேட்டாத்தானே மரியாதை,” என்று இவர் சொன்னாராம்.

விவாதத்துக்கு ஆதாரம் தேடும் வேலை அவரிடம் தானாகவே வந்து சேர்ந்தது. போட்டி என்றால் எங்கள் மாணவர்கள் முந்தைய நாள்தான் ஓடுவார்கள். நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்கள்; படிக்க நேரமில்லை. “அக்கா, அகதிகள் பத்தி ஏதாவது பாயிண்ட் இருக்குதா?” என்று வந்து நிற்பார்கள். அக்கா பார்த்தார். யார் எதை நகல் எடுக்க வந்தாலும், நன்றாக இருந்தால், “ஒண்ணு எனக்கும் எடுத்துக்கட்டா?” என்று கேட்டு ஒரு பிரதி எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார். அந்தப் பிரதியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அடியில் வெற்றிடம் இருக்கும் இடத்தில் கடை முத்திரையைக் குத்திவிடுவார். அதிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்தால் முத்திரையும் நகலில் வரும். எங்கள் கல்லூரி மாணவர்கள் அந்த முத்திரையைப் பார்த்துப் பார்த்து, அது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். தாளுக்கு ஒரு முத்திரை இருந்தால் அது எங்கேயோ சரிபார்க்கப்பட்டது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யுவஸ்ரீ போன பிறகு அக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம், “இந்த எழுத்தைப் பாரு,” என்றார். “‘ற’ கொஞ்சம் சாஞ்சு நிக்குது. ‘ஐ’க்கு வால் நீளம். நம்ம காலேஜுல இந்த எழுத்துல டைப் பண்ணினது ஒருத்தருதான்.”

“யாரு அக்கா?”

“இளம்பரிதி சார். அவரு கொஸ்டின் பேப்பர் அத்தனையும் என் கையாலதான் போச்சு. நீ சேர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு.”

இளம்பரிதி சார் ஒரு காலத்தில் எங்கள் கல்லூரி விவாதக் குழுவை நடத்தியவர். இப்போது கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் வேறு கல்லூரி, வீடு பாரூரில். அவர் போன் எண்ணை மூன்று பேரிடம் கேட்டு வாங்கி, செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தார். அவர் சத்தமாகப் பேசுகிறவர். எனக்கும் கேட்டது.

“என்கிட்ட இருக்கும்மா! பழைய தாள் எதையும் நான் தூக்கிப் போடறதில்ல. அதுக்காகவே வீட்டுல தெனம் வசவு வாங்கிக்கினு இருக்கேன். நாளைக்கு எனக்கு லீவு. வந்துருங்க.”

புதன்கிழமை யுவஸ்ரீக்கு உள் தேர்வு. நான் உடன் போனேன். ‘இன்று கடை இல்லை’ என்று அக்கா எழுதித் தொங்கவிட்டதைப் படித்த பிறகும் மாணவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். வழி முழுவதும் அக்கா தெம்பாக இருந்தார். சார் எந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்தார் என்று தெரிந்துவிட்டால் போதும், புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் முதல்வர் மேசையில் வைத்துவிடலாம், அந்த நடுவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடலாம் என்றார். “ஐ.நா.வுல எப்போ சேந்தோம்னு அந்த ஆளுக்கும் தெரியட்டும்.”

பாரூரில் ஏரிக்கரை ஓரம் இறங்கி, வாய்க்காலைத் தாண்டிப் போனோம். சார் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் மனைவி சாந்தம்மா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, “நல்லா அத்தனையும் எடுத்துக்கினு போயிருங்க. கட்டிலுக்கு அடியில கூட்டவே முடியல,” என்றார். சார் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து, பத்து நிமிடத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டார்.

அது நீளமாக இருந்தது. நாங்கள் கொண்டுபோனதைவிட நீளம். பத்திரம் எழுதும் அளவுத் தாள். கடையில் அதை லீகல் என்பார்கள். எண்கள், மேற்கோள்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசிப் பாயிண்டுக்குக் கீழே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கும் கீழே, தாளின் விளிம்பை ஒட்டி, ஒரு வரி:

‘குறிப்பு: மேலே உள்ள எண்களும் மேற்கோள்களும் வகுப்புப் பயிற்சிக்காக நானே எழுதியவை. உண்மையல்ல. ஒவ்வொன்றுக்கும் மூலம் தேடிப் பார்த்து, எங்கெங்கே தேடினீர்கள், ஏன் கிடைக்கவில்லை என்று எழுதி வரவும்.’

சார் முதலில் சிரித்தார். “என் வீட்டுப்பாடத்தையா மேடையில பேசிக்கினு இருக்கீங்க?” என்றார். அக்கா பையிலிருந்து எங்கள் தாளை எடுத்து, நீளத்தாளின் மேல் வைத்து, மேல் விளிம்புகளைச் சரியாகப் பொருத்தினார். கீழே நான்கு விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. குறிப்பு முழுவதும் அந்த நான்கு விரலுக்குள் இருந்தது. எங்கள் தாளில் கடை முத்திரை அதற்குச் சற்று மேலே இருந்தது.

“லீகல் தாள் வெக்கற தட்டு உடைஞ்சு போச்சு சார் அப்போ,” என்றார் அக்கா. “ரெண்டு வாரம் எல்லாத்தையும் ஏ ஃபோர்லதான் எடுத்தேன். கடைசிப் பாயிண்டு வந்துருச்சு, கீழ வெள்ளையா இருக்குதுன்னு பாத்தேன். அதுக்கும் கீழ பாக்கல.”

சார் சிரிப்பை நிறுத்தினார். “அதுக்கு என்னம்மா,” என்றார். “இந்தத் தாளை எழுதினது நான்தான்னு ஒரு லெட்டர் எழுதித் தரேன். பொண்ணு இட்டுக்கட்டல, நான்தான் கட்டுனேன். அதோட முடிஞ்சுது. தட்டு, கிட்டுன்னு நீங்க எதுக்குச் சொல்றீங்க?”

அவர் நல்ல மனதோடு சொன்னார். எழுதியும் கொடுத்தார். அக்கா கடிதத்தையும் நீளத்தாளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சகாயநாதன் அண்ணன் போன் செய்தார். சத்தத்தில் கேட்கவில்லை என்று அக்கா ஸ்பீக்கரில் போட, பாதி பஸ் கேட்டது.

“ஏ மேரி, லெட்டர வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன். ஆனா ஒரிஜினல்ல அடியில ஒரு வரி இருக்குதுங்க.” நடந்ததைச் சொன்னார்.

“அப்ப அந்த நீளத்தாள வீட்டுல வையி. லெட்டர மட்டும் குடு. ஜூன்ல ரூமுக்குக் கையெழுத்து வாங்கணும்லா, மறந்துட்டியா?”

“லெட்டரைக் குடுத்தா ஒரிஜினல் எங்கன்னு கேப்பாங்க. காட்டினா ‘உண்மையல்ல’ன்னு அதுலயே இருக்குது. அதைப் படிச்சிட்டுத்தான் அந்தப் பொண்ணு பேசினான்னு ஆவும். இல்ல, அவளே கத்தரிச்சிட்டான்னு ஆவும். இப்ப இருக்கறதைவிட மோசமா ஆவும்.”

“ஒரிஜினல யாரு கேக்கப் போறா?”

“தமிழரசன் கேப்பாரு.”



“ஆமா,” என்றார் அண்ணன். “அவன் கேப்பாம்லா.”

முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, “யாரும்மா அந்தத் தமிழரசன்? போலீசா?” என்று கேட்டார்.

“காலேஜ் ஆபீஸ் சூப்பிரண்டுங்க.”

“அப்ப போலீசே மேலு,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம், “நீ என்னா சொல்ற?” என்றார். அந்த அறை போனால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியும். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்க எனக்குத் தெரியவில்லை. பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, முதல்வர் அறை. மேசைக்கு முன் யுவஸ்ரீ, அக்கா, நான். பக்கவாட்டில் தமிழரசன் சார், கையில் கோப்போடு. முதல்வர் இளம்பரிதி சாரின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அது போதும் போல இருந்தது. யுவஸ்ரீ மூச்சு விட்டாள்.

“ஒரிஜினல் இருக்குதா?” என்றார் தமிழரசன் சார்.

அக்கா உறையிலிருந்து நீளத்தாளை எடுத்து வைத்தார். முதல்வர் மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரியில் நின்றார். தாளை யுவஸ்ரீ பக்கம் திருப்பினார்.

“‘உண்மையல்ல’ன்னு போட்டிருக்கே. இதைப் படிச்சிட்டா பேசினே?”

யுவஸ்ரீ அந்த வரியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். முந்தைய நாள் மாலை அவளிடம் சொல்ல நான் போன் எடுத்தேன், ஆனால் அக்காவின் முடிவு என்னவென்று தெரியாமல் எதைச் சொல்வது என்று வைத்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அந்த வரி அந்தப் பொண்ணுகிட்ட போகவே இல்லைங்க சார்,” என்றார் அக்கா. “நான் வெட்டிட்டேன்.”

“வெட்டினீங்கன்னா? கத்தரியிலயா?” என்றார் தமிழரசன் சார்.

“இல்லைங்க சார். உங்க மிஷின்ல போட்டே காட்டறேன். வாங்க.”

அலுவலக அறைக்கு எல்லோரும் போனோம். எழுத்தர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தார்கள். அக்கா மிஷினின் மூடியைத் தூக்கி, நீளத்தாளைக் கவிழ்த்து வைத்து, மேல் விளிம்பை மூலையில் முட்டவிட்டு, ஏ ஃபோரில் பொத்தானை அழுத்தினார். தாள் வந்தது. அதை எடுத்து யாரிடமும் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். குறிப்பு இல்லை. தாள் முழுமையாக, சுத்தமாக, ஒன்றும் குறையாதது போல இருந்தது.

“இதோட கீழ என் கடை சீலைக் குத்தினேன். அதைப் பாத்துத்தான் இந்தப் பொண்ணு படிச்சுது. அது எதையும் இட்டுக்கட்டல. தாள்ல இருந்ததைத்தான் சொல்லிச்சு.”

முதல்வர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். “எத்தனை பேருக்கு இதைக் குடுத்திருப்பீங்க?”

“எண்ணலைங்க சார். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். கேக்காதவங்களுக்கும் குடுத்திருக்கேன். பாயிண்டு பளிச்சுன்னு இருக்குது, இத்த எடுத்துக்கோன்னு நானே சொல்லுவேன்.”

அன்று மாலையே கல்லூரியிலிருந்து பதில் போனது. யுவஸ்ரீ மீது தவறில்லை என்றும், நகல் எடுத்ததில் நேர்ந்த பிழை என்றும். போட்டியின் முடிவு மாறவில்லை. ஆனால் அவளுடைய சான்றிதழில் எதுவும் எழுதப்படவில்லை. இப்போது சேலத்தில் சட்டம் படிக்கிறாள். கல்லூரி வளாகத்துக்குள் பாயிண்ட் பெட்டிகள் இருக்கக் கூடாது என்று அக்காவிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். அண்ணன் கம்பெனி பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்த வழியில் ஆட்டோ பிடித்து, இரண்டு நடையாக எல்லாவற்றையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். “ஐ.நா.வை அங்க வெய்யுங்க, தண்ணி மேல வெக்காதீங்க,” என்று அக்கா அவரை வேலை வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாசலில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆட்டோ கிளம்பியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் மாதம் அந்த அறைக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. காரணம் எதுவும் எழுதித் தரவில்லை. அந்த இடத்தில் கல்லூரியே ஒரு மிஷினை வைத்துவிட்டது.

இப்போது அக்காவின் கடை ராயக்கோட்டை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, கம்பெனியில் சேருகிறவர்களின் படிவங்கள் என்று வேலை வருகிறது. முன்பு போல இல்லை. ஒன்றிரண்டு மாணவர்கள் விசாரித்துக்கொண்டு அங்கேயும் வந்தார்கள். அக்கா அவர்களுக்கு உடனே எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. “அடுத்த வாரம் வாங்க. பாத்துக்கினு இருக்கேன்,” என்று அனுப்பிவிட்டார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு தாளும் எங்கிருந்து வந்தது என்று தேடினார். செய்தித்தாள் துண்டு என்றால் எந்தத் தேதி. புத்தகப் பக்கம் என்றால் எந்தப் புத்தகம். இணையத்தில் எடுத்தது என்றால் யார் எழுதியது. தெரிந்தால் தாளின் தலையில் எழுதுவார். தெரியாதவை தனிப் பெட்டிக்குப் போகும். அதிலிருந்து யாருக்கும் நகல் கிடையாது. சனிக்கிழமைகளில் நானும் போய் உட்காருவேன். ஒரு நாள் இப்படி ஒரு வரியைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார்:

“‘வல்லுநர்கள் கூறுகின்றனர்’னு போட்டிருக்குது. எந்த வல்லுநர்? ஊரு பேரு இல்லாத ஆளை நான் எப்படி உள்ள விடறது, சொல்லு.”

“எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான் அக்கா எழுதறாங்க.”

“எழுதட்டும். இங்க வேணாம். தனி டப்பா.”

தனிப் பெட்டி ஒன்று இரண்டாகி, நான்காகியது. ‘அகதிகள்’ பெட்டியில் மிஞ்சியவை பதினொரு தாள்கள். அக்கா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “பதினொண்ணும் நிக்கும்,” என்றார். ஆனால் ‘தடை’ பெட்டியை மட்டும் வாரக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அதை என் பக்கம் தள்ளி, “நீ பாரு,” என்றார்.

பெட்டியின் அடியில் ஏழெட்டுக் கன்னடத் தாள்கள் இருந்தன. ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படித்த மாணவர்கள் நகல் எடுக்கக் கொண்டுவந்தவை. அக்காவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. படிக்க முடியாவிட்டாலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார். நான்காவது தாள் கையால் எழுதியது. முதல் வரியைப் படித்ததும் எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. நூற்றுக்கு அறுபத்தெட்டு. அதே எண்கள், அதே மேற்கோள்கள், அதே வரிசை. யாரோ எங்கள் தாளைக் கன்னடத்தில் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். அதன் அடியில் அத்திப்பள்ளியில் இருக்கும் வேறு ஒரு ஜெராக்ஸ் கடையின் முத்திரை இருந்தது.

நான் அதை மடித்து வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“என்னா அது?”

படித்துச் சொன்னேன். அக்கா தாளை வாங்கி, புரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தார். அடியிலிருந்த முத்திரையை விரலால் தொட்டார். ஒருவர் ஆதார் நகலுக்கு வந்து நின்றார். அக்கா எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தக் கடையில இன்னமும் இத்தக் குடுத்துக்கினு இருப்பாங்க,” என்றார். “அந்தக் கடைக்காரங்களும் என்னை மாதிரிதான் கண்ணு, கீழ வெள்ளையா இருக்குதுன்னு சீல் குத்தியிருப்பாங்க. நம்ம காலேஜு பசங்களுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. அங்க யாருக்குத் தெரியும்? ஒரு பொண்ணு இத்தத் தூக்கிக்கினு மேடையில போய் நிக்கும்.”

அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“தமிழ்ல நான் எழுதிருவேன். கன்னடத்துல நீ எழுதிக் குடு. ‘மன்னிக்கவும்’னு ஆரம்பிக்காத, அப்படி ஆரம்பிச்சா யாரும் மேல படிக்க மாட்டாங்க. அறுபத்தெட்டு பொய்யின்னு மொதல்ல போடு. யாரு தப்புன்னு கேட்டா தெரியணும், என் பேரைப் போடு, போன் நம்பரைப் போடு. எழுதிட்டு தபால்ல அனுப்பாத. அனுப்பினா குப்பையில போயிரும். ஒரு வரியைக் காட்டிக் கேட்டா எனக்குப் படிக்க வராது, நீ பஸ் ஏறிப் போ. கடையில கும்பல் இருந்தாலும் நில்லு. அவங்க வேலை முடிச்சு நிமிந்து பாத்ததும், தாளைக் கையில குடுத்து, நடந்தது அத்தனையும் அவங்க பாஷையில உன் வாயால எடுத்துச் சொல்லணும். சொல்லிட்டு வரியா சுப்ரியா?”